குவீன்ஸ்டவுன் பையன்கள்

1964ஆம் ஆண்டு. உலகம் முழுக்க பீட்டில்ஸ் ஆட்சிதான். சிங்கப்பூர் மட்டும் விலக்கா என்ன? வெற்றிப் பாடல் வரிசையில் அவர்களுடைய 'ஐ ஷுட் ஹாவ் நோன் பெட்டர்' முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. அதை அங்கிருந்து இறக்கிய தட்டு லண்டனிலிருந்து வரவில்லை, லிவர்பூலிலிருந்தும் வரவில்லை. குவீன்ஸ்டவுனில் பள்ளித் தோழர்களாகச் சேர்ந்த பையன்கள் வாசித்த 'ஷான்டி' அது. அதில் பாட்டுக் குரல்கூடக் கிடையாது, முழுக்க முழுக்க கித்தார்தான். உள்ளூர்க் குழு ஒன்று சிங்கப்பூரில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. குழுவின் பெயர் தி குவெஸ்ட்ஸ்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீடு தங்லின் ஹால்ட்டில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. எங்கள் பக்கத்துத் தமிழர்களில் பாதிப் பேர் ரயில்வேக்காரர்கள்தான். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அவர்கள் கையாலேயே கட்டிய முனீஸ்வரன் கோயில் இருந்தது. வெள்ளிக்கிழமை பூசையின்போது தஞ்சோங் பகார் போகிற ரயில் கூவினால் மணிச்சத்தம் அதில் அமுங்கிப்போகும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்போதுதான் அங்கே பத்து மாடிக் கட்டடங்களை எழுப்பியிருந்தது. சீனர்கள் அந்த வட்டாரத்தையே 'சாப் லாவ்' என்பார்கள், பத்து மாடி என்று பொருள். கம்பத்து வீட்டை விட்டு அங்கே குடிவந்த எங்களுக்குக் குழாயைத் திருகினால் தண்ணீர், பொத்தானைத் தட்டினால் வெளிச்சம். அம்மா முதல் சில மாதம் அடுப்பங்கரை விளக்கைத் தேவையில்லாமல்கூடப் போட்டுப் போட்டுப் பார்த்தார்.

குவெஸ்ட்ஸ் பையன்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்ல என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அவர்கள் சேர்ந்தது குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளியில். பள்ளி ஆண்டு மலரின் பெயரையே குழுவுக்கும் வைத்துக்கொண்டார்கள். ஜாப் சோங், ரேமண்ட் லியோங் இருவரும் கித்தார், ஹென்றி சுவா பேஸ், லிம் வீ குவான் டிரம்ஸ். ரேமண்ட் லியோங் இருந்த இடத்துக்குப் பிறகு வந்தவர் ரெஜி வர்கீஸ். அவர் வந்த பிறகுதான் 'ஷான்டி' வந்தது. வர்கீஸ் என்ற பெயர் தட்டின் உறையில் இருந்ததே எங்கள் மாடியில் ஒரு செய்தியாயிற்று. "மலையாளத்துப் பிள்ளையாமே?" என்று அம்மா விசாரித்தார். சினிமாப் பாட்டைத் தவிர வேறெதையும் காது கொடுத்துக் கேட்காத அம்மா, அந்த ஒரு தட்டு ஓடும்போது மட்டும் ஒலியைக் குறைக்கச் சொன்னதில்லை.

இந்தக் கதை உண்மையில் 1961 நவம்பரில் தொடங்குகிறது. கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய பின்னணிக் குழுவான ஷாடோஸும் கேலாங் ஹாப்பி வோர்ல்டு அரங்கில் வந்து வாசித்தார்கள். அதுவரை இங்கே இசைக்குழு என்றால் கோட்டு போட்ட பெரியவர்கள் எக்காளமும் சாக்ஸபோனும் வாசிக்கும் நடனக் குழு. ஷாடோஸ் நான்கே பேர். மூன்று கித்தார், ஒரு டிரம் செட். நான்கு பேரால் ஓர் அரங்கையே நிரப்ப முடியும் என்று கண்ணெதிரே பார்த்ததும், இந்தத் தீவில் கித்தார் தொடாத பையன் பாவம் என்கிற நிலை வந்துவிட்டது. பேட்டைக்குப் பேட்டை, பள்ளிக்குப் பள்ளி, ராணுவக் குடியிருப்புக்குக் குடியிருப்பு குழுக்கள் முளைத்தன. 1963இல் கிரெசென்டோஸ் என்ற குழு ஃபிலிப்ஸ் நிறுவனத்தில் ஒப்பந்தமாகித் தட்டு வெளியிட்டது. சூசன் லிம் என்ற பெண் பாடிய அந்தத் தட்டு கடையில் விற்றுத் தீர்ந்தபோதுதான் பெரிய நிறுவனங்களுக்கு இங்கேயும் ஒரு சந்தை இருக்கிறது என்று தெரிந்தது. அடுத்து இ.எம்.ஐ. குவெஸ்ட்ஸைப் பிடித்துக்கொண்டது. 'ஷான்டி' ஒரு பக்கம், 'கேலப்பின்' மறு பக்கம். இரண்டுமே குழுவினர் தாங்களே இயற்றியவை. அதுதான் பெரிய விஷயம். மற்றவர்கள் இங்கிலாந்துப் பாட்டை அச்சாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் சொந்தச் சரக்கை வைத்து ஜெயித்தார்கள்.

என் அண்ணன் அந்தத் தட்டை வாங்கி வந்த நாளைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தட்டு போடும் பெட்டி இல்லை. பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தில் ரேடியோகிராம் இருந்தது. கால் வைத்த அலமாரி மாதிரி, மேல் மூடியைத் திறந்தால் உள்ளே சுழல்தட்டு. அந்த வீட்டு ஆன்டி எங்களை உள்ளே விட்டார். அண்ணன் முதலில் நாற்பத்தைந்து வேகத்தில் ஒருமுறை கேட்டான். பிறகு முப்பத்து மூன்றுக்குத் தள்ளினான். இசை ஒரே இழுப்பாக, தடித்த குரலில், மெதுவாக ஊர்ந்தது. ஆன்டி பயந்துபோய், பெட்டி கெட்டுவிட்டதா என்று கேட்டார். கெடவில்லை. வேகத்தைக் குறைத்தால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கையில் சிக்கும். சுருதி இறங்கிவிடும், அதை மனசுக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஊசியைத் தூக்கி, நாலு சுரம் கேட்டு, கித்தாரில் தேடி, மறுபடி ஊசியைத் தூக்கி வைப்பான். ஒரு இடத்தில் ரெஜி வர்கீஸ் தந்தியைத் தட்டியதும் ஒலி நடுங்கிக்கொண்டே அடங்கும். கித்தாரின் அடியில் இருக்கும் கம்பியை உள்ளங்கையால் லேசாக அழுத்தி விடுவதால் வருகிற நடுக்கம் அது. அண்ணனுடைய கித்தாரில் அந்தக் கம்பி இல்லை. அவன் கித்தாரின் கழுத்தையே பிடித்து மெல்ல அசைத்து அந்த நடுக்கத்தை வரவழைக்கப் பார்த்தான். ஓரளவு வந்தது. அன்று இரவு அவன் விரல் நுனிகளில் கோடுகோடாகத் தந்தி பதிந்திருந்ததை விளக்கடியில் எனக்குக் காட்டினான்.

இப்படிக் கற்றுக்கொண்டதைப் 'பார்த்து எழுதுகிற வேலை' என்று ஏளனம் செய்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. குவெஸ்ட்ஸ் ஷாடோஸின் நகல்தானே என்பார்கள். எனக்கு இது சரியான பேச்சாகப் படவில்லை. நம் சங்கீதத்தில் பாடாந்தரம் என்பது என்ன? குரு பாடியதைப் பிசகாமல் திருப்பிப் பாடிப் பாடித்தான் ஒருவனுக்குத் தன் குரல் கிடைக்கிறது. அந்தப் பையன்களுக்குப் பக்கத்தில் குரு இல்லை. தட்டுதான் குரு. மூன்றே ஆண்டுகளில் அந்தக் குருவின் பாணியில் சொந்தமாக இயற்றும் அளவுக்கு வளர்ந்தவர்களை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

'ஷான்டி'யில் வார்த்தை இல்லாதது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்றும் நினைக்கிறேன். அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஜூலையில் இனக் கலவரம், ஊரடங்கு. செப்டம்பரில் மறுபடியும். எங்கள் மாடியில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் இருந்தோம். தாழ்வாரத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே தயங்கிய நாட்கள் அவை. அம்மா கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாளுக்குமேல் ஒரு மரப்பெட்டியையும் தள்ளி வைப்பார். அதே ஆண்டில் அதே தாழ்வாரத்தில் மூன்று வீட்டு வானொலியிலும் ஒரே கித்தார் ஒலி கேட்டது. அதை எந்த மொழிக்காரரும் தங்களுடையது இல்லை என்று ஒதுக்க முடியாது. கலவரத்தை ஒரு தட்டு ஆற்றிவிட்டது என்று நான் கதை கட்டமாட்டேன். ஆனால் எதிர்வீட்டு மலாய்ப் பையன் எங்கள் வாசலுக்கு வந்து அண்ணனோடு பேச ஆரம்பித்தது அந்தத் தட்டை முன்னிட்டுத்தான்.

அவனும் அண்ணனும் மேல்மாடிச் சீனப் பையன்கள் இருவரும் சேர்ந்து ஒரு குழு வைத்தார்கள். பேர் அடிக்கடி மாறியது. பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்து ஆம்பிளிஃபயர் ஆக்கினார்கள். தொட்டால் ஷாக் அடிக்கும், அதனால் வாசிக்கிறவன் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. டிரம்ஸுக்கு முதலில் பிஸ்கட் டின். தந்தி அறுந்தால் முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். சமூக மன்றத்தில் ஒரு கலை இரவில் வாசித்தார்கள். 'ஷான்டி' வாசித்தபோது கூட்டம் கைதட்டிற்று. அடுத்த துண்டின் நடுவில் ஆம்பிளிஃபயர் அணைந்துவிட்டது. ஆனாலும் அந்த வருஷம் முழுக்க அண்ணன் ஓரடி உயரமாக நடந்தான்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கோபக்காரர் இல்லை அவர். இரவுப் பணி முடிந்து வந்து கஞ்சி குடிக்கும்போது மெதுவாகத்தான் கேட்பார்: "ஏன்டா, இந்தக் கித்தார் உனக்குச் சோறு போடுமா?" அண்ணன் பதில் சொல்லமாட்டான். அம்மா, "பீடி சிகரெட்டுன்னு சுத்தாம வீட்டுலயே கெடக்குறானே, வாசிச்சுட்டுப் போறான் விடுங்க" என்பார். அப்பாவின் கேள்விக்கு அந்த வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. நாட்டிலேயே யாரிடமும் இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

குவெஸ்ட்ஸை நேரில் பார்த்தது தேசிய அரங்கில். ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், ரிவர் வேலி ரோட்டில், 1963இல் திறந்த அரங்கு அது. முன்னால் ஐந்து கூர்முனைகள் கொண்ட முகப்பு, பெரிய நீரூற்று. மேலே கூரை உண்டு, பக்கவாட்டிலும் பின்னாலும் சுவர் கிடையாது. அதனால் டிக்கெட் வாங்காதவர்கள் குன்றுச் சரிவில் உட்கார்ந்து பார்க்கலாம். நாங்களும் சரிவில்தான் உட்கார்ந்தோம். புல் ஈரமாக இருந்தது. பல குழுக்கள் வந்து போயின. இவர்கள் வந்தபோது சத்தம் மாறியது. மற்றவர்கள் ஆடினார்கள், துள்ளினார்கள். ரெஜி வர்கீஸ் அசையாமல் நின்றார். அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது அவருடைய வலது கை மட்டும் அசைவது தெரிந்தது. ஒலியோ எங்கள் பக்கத்தில் நின்று வாசிப்பதுபோல் தெளிவாக வந்தது. ஒரு சுரத்தை அடுத்த சுரம் மிதிக்கவில்லை. பின்னால் லிம் வீ குவான் அடித்த அடி குன்றில் பட்டுத் திரும்பி வந்தது. அண்ணன் என்னிடம் எதையும் சொல்லவில்லை. தன் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான்.

அடுத்த மூன்று ஆண்டுகள் அவர்களுடையவை. பாடகராக முதலில் கீத் லாக் இருந்தார், பிறகு செக்மேட்ஸ் குழுவிலிருந்து வெர்னன் கொர்னீலியஸ் வந்து சேர்ந்தார். ஹென்றி சுவா விலகினார், பேஸ் வாசிக்க சாம் தோ வந்தார். வெர்னனைச் சிங்கப்பூரின் கிளிஃப் ரிச்சர்ட் என்றே சொல்வார்கள். அவர் மேடைக்கு வந்தால் பெண்பிள்ளைகள் போடுகிற கூச்சலில் முதல் வரி யாருக்கும் கேட்காது. 1966இல் 'குவெஸ்டிங்' என்ற நீண்ட தட்டு வந்தது. மறு ஆண்டு 'தேர்ட்டி தேர்ட் ரெவல்யூஷன்'. 'மிஸ்டர் ரெயின்போ' எங்கும் ஒலித்தது. எங்கள் காப்பிக்கடையில் மாவு பிசைகிறவர்கூட அதைச் சீட்டியடித்தார். ஞாயிறு மதியங்களில் ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் தேநீர் நடனம் நடக்கும். ஆர்ச்சர்ட் ஹோட்டலில் இருந்த கோல்டன் வீனஸ் அதற்குப் பேர்போனது. மதுவெல்லாம் இல்லை, கையில் ஒரு சோடா கிளாஸ். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பையன்கள் கிளம்புவார்கள், தையற்காரியிடம் தைத்த புதுப் பாவாடையோடு பெண்கள் வருவார்கள். அங்கே வாசிக்கிற குழு பிடித்திருந்தால் அடுத்த வாரம் அரங்கு நிரம்பும், இல்லையென்றால் காலி. குழுக்களைத் தேர்வு செய்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

அதே காலத்தில் மலாய் இளைஞர்கள் 'பாப் யே யே' என்று தங்கள் மொழியில் ஒரு புயலைக் கிளப்பியிருந்தார்கள். சீனப் பாடகிகள் மாண்டரின் மொழியில் 'எ கோ கோ' தட்டுகளாக வெளியிட்டார்கள். ரீத்தா சாவ், சகுரா தெங் ஆகியோரின் இ.எம்.ஐ. தட்டுகளுக்குப் பின்னணி வாசித்தவர்கள் யார் என்று கேட்டால், குவெஸ்ட்ஸ். இதைப் பலர் ஒரு சின்னத் தகவலாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். என்னைக் கேட்டால் அவர்களுடைய கதையின் முக்கால்வாசி இதில் இருக்கிறது. முதலிடம் பிடித்த குழுவே இன்னொருவர் தட்டுக்குப் பின்னணி வாசித்தது என்றால், தங்கள் பெயரில் வருகிற தட்டை மட்டும் நம்பி ஒரு குழு வாழ இந்த ஊரில் வழியில்லை என்றுதானே அர்த்தம்? கலப்பும் இருந்தது, கஷ்டமும் இருந்தது. ஒரு தீவில் நாலு மொழி. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சிறு சந்தை. எதுவும் ஒரு குழுவை முழுநேரம் தாங்கும் அளவு பெரிதில்லை.

அப்படியானால் அதுவரை தாங்கியது எது? பெரும்பகுதி பிரிட்டிஷ் ராணுவம்தான். செம்பவாங்கில் கடற்படைத் தளம், சாங்கி, தெங்கா, சிலேத்தார் என்று விமானப் படைத் தளங்கள். வார இறுதியில் அந்தச் சிப்பாய்களின் கிளப்புகளில் வாசிக்க உள்ளூர்க் குழுக்களுக்கு அழைப்பு வரும். ஒழுங்கான கூலி, நல்ல ஒலிபெருக்கி, லண்டனில் போன மாதம் வந்த பாட்டு எது என்று சொல்லித்தரக்கூடிய ரசிகர்கள். பல குழுக்கள் பழகிப் பழகித் தேறியது அந்த மேடைகளில்தான். 1968 ஜனவரியில் பிரிட்டன் 1971 முடிவுக்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களிலிருந்து வந்த காலம். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதை நம்பி எரிந்தது. எங்கள் மாடியிலேயே இரண்டு வீட்டில் தளத்து வேலைக்காரர்கள் இருந்தார்கள். அந்தக் கவலைக்கு நடுவே கித்தார்க் குழுக்களின் கூலி போவதைப் பற்றி யார் பேசுவார்கள்?

அதற்கு முன்பே இன்னொன்று வந்துவிட்டது. 1965 ஆகஸ்டில் தனி நாடானோம். 1967 மார்ச்சில் தேசிய சேவைச் சட்டத் திருத்தம். 1949 ஜனவரியிலிருந்து ஜூனுக்குள் பிறந்த ஆண்பிள்ளைகள் முதலில் பதிந்துகொள்ள வேண்டும். என் அண்ணன் அந்த மாதங்களுக்குள் பிறந்தவன். முழுநேரச் சேவைக்கு எடுக்கப்பட்ட சிறு பகுதியினரில் அவனும் ஒருவன். அப்பாவுக்கு அதில் பெருமை. கழுத்தில் மாலை போட்டு வழியனுப்பினார். தலை மழிக்கப்பட்டு முதல் விடுப்பில் வந்தபோது அண்ணன் கித்தாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். துப்பாக்கி பிடித்துக் காய்த்த கை. வாசித்தான், ஆனால் அவனுடைய குழுவில் மற்றவர்கள் யாரும் இல்லை. மலாய்ப் பையன் வேலைக்குப் போய்விட்டான், மேல்மாடிப் பையன்களில் ஒருவனுக்குச் சேவை முறை வந்துவிட்டது. தீவெங்கும் இதுதான் நிலைமை. ஒரு குழு தேறி வருவதற்கு மூன்று நான்கு வருஷம் பிடிக்கும், அந்த வருஷங்களைத்தான் நாடு கேட்டது. தேசிய சேவையை நான் குறை சொல்லவில்லை. சுற்றிலும் இருந்த நிலைமையில் அது தேவைப்பட்டது. 1965 மார்ச்சில் ஆர்ச்சர்ட் ரோட்டு மெக்டொனால்டு ஹவுஸில் குண்டு வெடித்ததை நாங்கள் எல்லாரும் அறிவோம். ஆனால் அதற்கு இசை கொடுத்த விலையையும் எழுதி வைக்க வேண்டும்.

குவெஸ்ட்ஸ்காரர்கள் அந்த வயது வரம்பைத் தாண்டியவர்கள். அவர்களை அரித்தது வேறு. இசை மாறிக்கொண்டிருந்தது. ஷாடோஸ் பாணியில் துல்லியமாக, சுத்தமாக வாசிக்கிற கித்தாரின் மவுசு போய், ஓலமிடுகிற கனத்த ஒலி வந்தது. 'ஷான்டி' கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கல்யாண வயது, அடுத்து வந்த பிள்ளைகளுக்கு அது அண்ணன்மார் காலத்துப் பாட்டு. வானொலிக்கு வெளிநாட்டுத் தட்டு சுலபமாகக் கிடைத்தது. உள்ளூர்த் தட்டைப் போட்டால் 'லோக்கல்தானே' என்ற இளப்பம் இருந்தது. இந்த இளப்பம்தான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. பீட்டில்ஸை இறக்கிக் காட்டிய பிறகும் அது போகவில்லை என்றால் இன்னும் என்ன செய்து காட்டியிருக்க வேண்டும் அவர்கள்?

அரசின் பார்வையும் இதமாக இல்லை. 1959இலேயே 'மஞ்சள் கலாசாரம்' என்று சொல்லி ஜூக்பாக்ஸ் பெட்டிகளைத் தடை செய்திருந்தார்கள். அறுபதுகளின் முடிவில் ஹிப்பி, போதை, நீண்ட முடி எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டன. கித்தார் வைத்திருப்பவன் என்றாலே சந்தேகப் பார்வை. எழுபதுகளில் அரசாங்க அலுவலகங்களில் ஒட்டியிருந்த அறிவிப்புப் படங்களை என் வயதுக்காரர்கள் மறக்கமாட்டார்கள்: முடி எந்த அளவு நீண்டால் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவீர்கள் என்று முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் வரைந்து காட்டியிருந்த படங்கள். குவெஸ்ட்ஸ் கோட்டும் டையும் போட்டு வாசித்த குழு. ஒழுங்கான பிள்ளைகள். ஆனால் அவர்கள் வாசித்த மேடைகளுக்கு அந்தக் காற்று ஆகவில்லை.

1970இல் குழு கலைந்தது. பத்தாண்டுகூட முழுசாக இல்லை. நான் அறிந்தவரை பெரிய சண்டை இல்லை, நீதிமன்றம் இல்லை, பிரிவு விழா இல்லை. நான் பார்த்த தமிழ் நாளிதழ்களில் அது செய்தியாக வரவில்லை. அண்ணன் ஒரு நாள் காப்பிக்கடையில், "குவெஸ்ட்ஸ் இனிமே இல்லயாம்டா" என்று சொன்னான். அவன் அப்போது சேவை முடிந்து ஜூரோங் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் திறந்த நேரம். மாதச் சம்பளம், மருத்துவப்படி, சேமநிதி. அப்பாவின் கேள்விக்கு நாடே ஒரு பதிலைச் சொல்லிவிட்டிருந்தது. கோப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு அண்ணன் முறைமாற்றுப் பணிக்குப் போனான்.

இதைப் பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். மேலைநாட்டுக் குழுக்கள் உடைந்த கதைகளைப் படித்தால் அகம்பாவம், பணத் தகராறு, பெண், போதை என்று ஏதாவது ஒன்று இருக்கும். இங்கே அந்தச் சுவாரசியம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. இருபது வயதுப் பையன்கள் இருபத்தைந்து வயதானார்கள். குடும்பம் கேட்டது. மேடைகள் ஒவ்வொன்றாக மூடின. வாடகை கட்ட வேண்டும். அவ்வளவுதான். யார்மேலும் பழி போட முடியாத இந்தப் பிரிவுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஏனென்றால் பழி போட ஆளில்லாத இடத்தில் நாம் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் பொறுப்பாகிறோம். வானொலியில் இலவசமாகக் கேட்டோம், குன்றுச் சரிவில் இலவசமாகப் பார்த்தோம், கைதட்டினோம். இசையை ஒரு தொழிலாக நினைத்து மதிக்க எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ரெஜி வர்கீஸ் இசையை விடவில்லை. இ.எம்.ஐ. நிறுவனத்திலேயே இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஆனார். பலருடைய தட்டுகளுக்குப் பின்னால் அவர் காதும் கையும் இருந்தன. ஹென்றி சுவா 2001இல் குழுவின் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதினார். அதற்குத் தலைப்பிலேயே 'ஷான்டி'யை வைத்தார். வாசித்தவரே எழுதிய புத்தகம் என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த என் பேரப்பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுத்த சிங்கப்பூர்ப் புத்தகங்களில் அதுவும் ஒன்று.

மற்றவை ஒவ்வொன்றாகப் போயின. தேசிய அரங்கை 1986இல் இடித்தார்கள். தஞ்சோங் பகாருக்கு ஓடிய ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு நின்றது, தண்டவாளம் இருந்த இடம் இப்போது நடைபாதை. முனீஸ்வரன் கோயில் காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கிறது. தங்லின் ஹால்ட் கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக 2014இல் அறிவிப்பு வந்தது, குடியிருந்தவர்கள் மாறிப்போனார்கள். காலி செய்த வீடுகளிலிருந்து வெளியே வந்த சாமான்களைப் பார்க்கப் போயிருந்தேன். தையல் இயந்திரம், சாமிப் படம், தகர டப்பா, அவற்றுக்கு நடுவே அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள். மழையில் நனைந்து உறைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பெட்டியைக் குப்பை வண்டியில் ஏற்றுகிற பையனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. என்னால் பிரித்தெடுக்க முடிந்தவை சில, அவற்றிலும் பாதி கீறல்.

அண்ணன் இப்போது இல்லை. அவனுடைய 'ஷான்டி' தட்டு என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு என் பேரன், "இது யார் தாத்தா, வெள்ளைக்காரங்களா?" என்றான். குவீன்ஸ்டவுன்காரர்கள் என்றேன். நம்பாமல் கைப்பேசியில் தேடிப் பார்த்து நம்பினான்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பழைய வீட்டைக் காலி செய்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அலமாரிக்கு மேலே, கட்டிலுக்கு அடியில் அறுபதுகளின் தட்டோ, தேநீர் நடனச் சீட்டோ, கித்தாரோடு நிற்கிற தாத்தாவின் படமோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். விக்டோரியா ஸ்ட்ரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். உள்ளூர் இசையை அவர்கள் சேர்த்து வைக்கிறார்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரையும் ஆண்டையும் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுங்கள்.